லில்லி போட்ட ஒன்று

எங்கள் ஆபீசில் லில்லி என்று ஒரு கிளார்க் இருந்தாள். இருந்தாள் என்று நான்தான் சொல்கிறேன், சர்க்கார் அப்படிச் சொல்லவில்லை. எண்பத்தொன்பது நாள் இருப்பாள், ஒரு நாள் இருக்கமாட்டாள். மறுபடி எண்பத்தொன்பது நாள், மறுபடி ஒரு நாள் இல்லை. தொண்ணூறு நாள் விடாமல் வேலை பார்த்துவிட்டால் அந்த ஆள் பர்மனன்ட் கேட்டு வந்து நிற்பாராம். அதனால் தற்காலிக ஊழியரை எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் நிறுத்திவிட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு, புது ஆர்டர் கொடுத்துப் புது ஆளாகச் சேர்க்க வேண்டும் என்று மேலே எந்தப் புண்ணியவானோ விதி எழுதி வைத்திருந்தான். அறுபத்தெட்டில் வேலைக்கு வந்தவள், எழுபத்து மூன்று முடிவதற்குள் இருபத்து மூன்று தடவை புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

அந்த ஒரு நாளுக்கு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆபீசர் வரதராஜன் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் போடுவார். நான் வராவிட்டால் லீவு என்று போடுவார்கள். அவளுக்கு அதுவும் கிடையாது. லீவு எடுப்பதற்கு முதலில் ஒரு ஆள் வேண்டுமே!

வேடிக்கை என்னவென்றால், இல்லாத நாளிலும் அவள் ஆபீசுக்கு வந்துவிடுவாள். "வந்து வேலையைப் பாரும்மா, ஆனா ரிஜிஸ்டர் பக்கம் போகாத" என்பார் ஆபீசர். திருப்புட்குழியிலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வருவாள். அவளுடைய அப்பா யேசுதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். தினம் காலையில் மகள் தலை வாரும்போது, "இன்னைக்கு நீ இருக்கறியா, இல்லியாம்மா?" என்று கேட்பாராம். இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் லில்லிக்குக் கொண்டாட்டம். அன்றைக்கு எல்லோருமே இல்லை.

நான் ராஜகோபால், அதே ஆபீசில் டைப்பிஸ்ட். ராஜ வீதியில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். கைத்தறிகளைக் கணக்கெடுப்பது எங்கள் வேலை. எனக்கும் லில்லிக்கும் அடுத்தடுத்த மேஜை. அவள் வேலை செய்வாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பர்மனன்ட்.

எழுபத்து மூன்றாம் வருஷம் நவம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, மெட்ராசிலிருந்து ஒரு லாரி வந்தது. லாரி நிறைய பாரங்கள், நிரப்ப வேண்டிய அச்சுப் படிவங்கள். ஊரில் உள்ள பட்டுத் தறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம், ஒவ்வொரு பாரத்திலும் நெசவாளர் பெயர், தெரு, தறியின் எண். இதையெல்லாம் மெட்ராசில் புதிதாக வாங்கியிருக்கும் ஒரு இயந்திரத்துக்குள் போட்டால் அது கணக்குச் சொல்லுமாம். எண்ணுக்காக மட்டும் வரிசையாகப் பத்தொன்பது கட்டம். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நம்பர் கொடுத்தாலும் இரண்டு கட்டத்துக்கு மேல் வேண்டியிருக்காது. தறிக்குப் பத்தொன்பது!

மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், மாவட்டத்துக்கு இரண்டு, தாலுகாவுக்கு, ஊருக்கு, தறியின் வகைக்கு, வருஷத்துக்கு என்று முதல் பதினைந்து இலக்கங்கள் போய்விடும். அவை எங்கள் ஊர்த் தறி எல்லாவற்றுக்கும் ஒன்றே. கடைசி நான்கு கட்டத்தில்தான் தறியின் சொந்த எண் வரும். முதல் தறிக்கு 0001, கடைசித் தறிக்கு 3612. வீடு வீடாகப் போய் வந்தவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை லில்லி பாரத்தில் ஏற்ற வேண்டும்.

இந்தப் பதினைந்தை எப்படி நினைவு வைப்பது என்று நான் மலைத்துப் போனேன். லில்லி மலைக்கவில்லை. அவர்கள் கோவிலில் அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகளின் எண்ணைப் பலகையில் மாட்டி வைப்பார்களாம், மூன்று மூன்று இலக்கமாக. அதே மாதிரி பிரித்துக்கொண்டாள். "முந்நூத்தி முப்பத்தொண்ணு, எழுநூத்தி ரெண்டு, நாலு, நூத்திப் பத்து, எழுபத்தி மூணு. அஞ்சு பாட்டு, அவ்வளவுதான் சார்" என்றாள். முந்நூற்று முப்பத்தொன்று ரொம்ப நல்ல பாட்டு என்றும் சொன்னாள்.

ஆபீசர் அவளைக் கூப்பிட்டார். "பொங்கலுக்குள்ள முடிக்கணும். ஒரு நம்பர்கூட தப்பு இருக்கக் கூடாது. அப்படி முடிச்சிட்டன்னா, உன்னை பர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்" என்றார். ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்தது.

லாரியோடு ஒரு சர்க்குலரும் வந்திருந்தது. நான்தான் படித்தேன். 'மிக நீண்ட எண்களை இயந்திரத்தால் நினைவில் கொள்ள இயலாமையால், முதல் பதினைந்து இலக்கங்களை உள்ளபடி எழுதி, எஞ்சிய நான்கு கட்டங்களிலும் பூஜ்யம் இடுக.'

"சார், அந்தக் கடைசி நாலுதான் சார் தறி. அதை எடுத்துட்டா எல்லாத் தறியும் ஒண்ணாயிடுதே" என்றாள் லில்லி.

"மெட்ராஸ்ல மெஷின் வெச்சிக்கினு இருக்கறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? எழுதும்மா" என்றார் ஆபீசர்.

உட்கார்ந்தாள். முதல் பாரத்தை எடுத்தாள். பதினைந்து கட்டம் மளமளவென்று போனது. பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.

"என்னாச்சு?" என்றேன்.

"சைபர்ல போயி முடிக்கறதா சார்? அதுவும் முதல் பாரம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நூறு எழுதுகிறவன் உண்டா? நூற்றியொன்றுதான். ஐந்நூறு வைக்கிறவனும் கூட ஒரு ரூபாய்க்காகப் பக்கத்தில் இருப்பவனிடம் கை நீட்டுவான். நான் சுத்த வைஷ்ணவன், அவள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள், இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே மதம். "ஒண்ணு போடு, மங்களமா இருக்கட்டும்" என்றேன். போட்டாள். ஆபீசரிடம் காட்டினோம். அவரும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதான் நல்லாருக்குது" என்றார். பாரத்தின் அடியில் தேதி போட்டுத் தன் பெயரையும் சின்னதாக எழுதினாள். அந்த நவம்பர் ஐந்து அவளுக்கு இருபத்து மூன்றாவது பூஜ்ய நாள் என்பது அப்போது எங்கள் மூன்று பேருக்குமே உறைக்கவில்லை. காலையில் சிவப்பு மையில் பூஜ்யம் போட்ட ஆபீசருக்கே உறைக்கவில்லை.

மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பாரம். பாரத்துக்குப் பத்தொன்பது என்றால் அறுபத்தெட்டாயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு இலக்கம். சும்மா இருந்த நேரத்தில் நான் பெருக்கிப் பார்த்தேன், சும்மா இருந்த நேரம் நிறைய. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அவள் கடைசி பாரத்தில் கடைசி ஒன்றைப் போட்டு நிமிர்ந்தாள். நடுவிரலில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. நான் இரண்டு கட்டு எடுத்துச் சரிபார்த்தேன், ஒரு தப்பு இல்லை. எல்லா பாரத்திலும் அதே அழகான எண், கடைசியில் அதே மங்களகரமான ஒன்று.

மாசி மாதம் மெட்ராசிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். உள்ளே முழுக்க வைக்கோல், வைக்கோலுக்கு நடுவே ஒரே ஒரு தகரத் தகடு, தகட்டில் பத்தொன்பது இலக்கம். கூடவே கடிதம். 'காஞ்சிபுரம் ஊரில் பட்டுத் தறி: ஒன்று. அதில் நெய்யும் நெசவாளர்: 3,612. அத்தறிக்குரிய தகடு இத்துடன் அனுப்பப்படுகிறது. இத்தனை பேர் ஒரே தறியில் நெய்யும் முறையை நேரில் கண்டறிய அதிகாரி வருகிறார்.'

ஆபீசர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி நான்கு இலக்கம் 0001. பழைய துண்டுச் சீட்டைத் தேடினோம். முதல் தறி, பிள்ளையார்பாளையம் முனிசாமி.

முனிசாமிக்குத் தறியில் நாடா ஓடுவதைவிட வாயில் வம்பு வேகமாக ஓடும். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடியே நாங்கள் சொன்னதைக் கேட்டான். "அப்போ ஊர்ல இருக்கற தறி எல்லாம் என்னுதா சார்?" என்றான்.

"உன்னுது இல்லப்பா. உன்னுது ஒண்ணுதான் தறி" என்றார் ஆபீசர்.

"மத்தவங்கள்லாம் இத்தினி நாளா எதுல நெய்ஞ்சிக்கினு இருந்தாங்க?"

ஆபீசர் சுத்தியலைக் கேட்டு வாங்கினார். தகட்டைத் தறியின் காலில் அடித்துவிட்டு வந்தோம். மறுநாளே ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. காலையில் முனிசாமி வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டு, "முனிசாமி, என் முறை எப்போப்பா?" என்று கேட்டார்கள். தென்னேரியிலிருந்து நூல் வாங்க வந்த ஒருத்தர், தன் வீட்டில் தான் நெய்துகொள்ளலாமா என்று முனிசாமியிடம் உத்தரவு கேட்டார். முனிசாமியும் யோசித்து, "சாயங்காலம் வரைக்கும் நெய்யி" என்று பெரிய மனசு பண்ணினான். இரண்டு வாரம் பிள்ளையார்பாளையத்தில் இதே கூத்துதான்.

ஆபீசருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லா பாரத்தையும் திரும்ப எழுத வேண்டுமென்றால் தப்பு நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட ஊரையே பாரத்துக்கு ஏற்றபடி திருத்திவிடுவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. முனிசாமியைத் தனியே கூப்பிட்டு, எல்லோரும் முறை வைத்துக்கொண்டு அந்தத் தறியில் நெய்வதாகச் சொல்லச் சொன்னார்.

பங்குனியில் தனசேகரன் என்ற அந்த அதிகாரி வந்தார். சின்ன வயசு, புஷ் ஷர்ட், கையில் பெரிய நோட்டு. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் அவர் முனிசாமி வீட்டுக்குள் நுழைய முடிந்தது. தறியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். குழியில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம்.

"மூவாயிரத்து அறுநூத்திப் பன்னிரண்டு பேரும் இதுலயா?"

"முறை வெச்சிக்கினு சார்" என்றான் முனிசாமி.

தனசேகரன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். பாவம், படித்த மனுஷன். "இருபத்துநாலு மணி நேரமும் தறி ஓடினாக்கூட ஆளுக்கு இருபத்துநாலு செகண்டுதான் வருது."

"அதான் சார். உக்கார்றதுக்குள்ள எழுப்பி விட்டுடறாங்க. எங்க ஊர்ல எவனுக்கும் பொடவை முடியறதில்ல."

தனசேகரன் நோட்டை மூடினார். ஆபீசரைப் பார்த்தார். "பாரமெல்லாம் எங்கே?" என்றார்.

மாடிக்கு வந்ததும் முதல் கட்டை அவிழ்த்தார். ஒரு பாரம், இரண்டு பாரம், பத்து பாரம் புரட்டினார். எல்லாவற்றிலும் 0001. நாலு பூஜ்யம் வந்திருந்தால், அந்த பாரத்துக்காக மெட்ராசில் துளையிட்ட அட்டையை இயந்திரம் தனியே தள்ளிவிடும்படி வைத்திருந்தார்களாம். தள்ளிய அட்டைகளுக்கு மெட்ராசில் ஆட்கள் உட்கார்ந்து கையாலேயே எண் போட்டிருப்பார்கள். இதை சர்க்குலரில் ஒரு வரி எழுதக் கூடாதா என்று நான் கேட்டேன், மனசுக்குள். ஒன்றைப் பார்த்ததும் இயந்திரம் இது முனிசாமி தறி என்று நம்பிவிட்டது. திரும்பத் திரும்ப நம்பியிருக்கிறது.

"யார் போட்டது இந்த ஒண்ணு?"

இதான் நல்லாருக்குது என்று சொன்ன ஆபீசர் ஜன்னல் வழியாக ராஜ வீதியை வேடிக்கை பார்த்தார். மங்களமாக இருக்கட்டும் என்று சொன்ன நான் டைப்ரைட்டரில் தூசி தட்டினேன். லில்லி எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"பூஜ்யம் போடச் சொன்னா ஏம்மா ஒண்ணு போட்டே? இது என்ன மொய்ப் பணமா?"

"இல்ல சார், ஆளுங்க" என்றாள். "ஒவ்வொரு தறியிலயும் ஒரு ஆள் உக்காந்துக்கினு இருக்கறாங்க சார். முதல் பாரத்துல மூணு சைபர் போட்டேன். நாலாவதும் போட்டுட்டா அவங்க இல்லைன்னு ஆயிடுது. ஆளைப் போயி சைபர்னு எழுத எனக்குக் கை வரலை சார்."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதமாக நான் அதை மொய்க் கணக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் இருந்த வருகைப் பதிவேடும், அதில் அவள் பெயருக்கு நேரே இருந்த சிவப்புப் பூஜ்யங்களும் அப்போதுதான் என் புத்திக்கு எட்டின. வெட்கமாக இருந்தது. தனசேகரனுக்கு இதெல்லாம் தெரியாது. தப்பு செய்தவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, வேலையை விட்டு நீக்கச் சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"பர்மனன்ட் இனிமே இல்லைங்களா சார்?" என்று லில்லி ஆபீசரிடம் கேட்டாள்.

"வேலையே இல்ல, போ" என்றார் அவர்.

அன்று மத்தியானமே ஆபீசர் மெமோ சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'செல்வி லில்லி, தாங்கள் 5-11-1973 அன்று இவ்வலுவலகத்தில் பணியில் இருந்தபோது...'

என் விரல் நின்றது. ஐந்தாம் தேதியா? முதல் பாரத்தின் அடியில் அவள் போட்ட தேதி.

பணியில் இருந்தபோது! அந்தத் தேதியில் பதிவேட்டில் இருப்பது சிவப்புப் பூஜ்யம். சர்க்கார் கணக்கில் அன்றைக்கு லில்லி என்று ஒருத்தி கிடையாது. அவளைத் தண்டிக்க வேண்டுமானால் அவள் அன்றைக்கு இருந்தாள் என்று எழுதியாக வேண்டும். இருந்தாள் என்று எழுதிவிட்டால் அந்தப் பூஜ்யம் அழிந்தது. முன்னே ஒரு எண்பத்தொன்பது, பின்னே ஒரு எண்பத்தொன்பது, நடுவில் ஒன்று. விடாமல் நூற்று எழுபத்தொன்பது நாள்.

"என்னய்யா நிறுத்திட்டே?" என்றார் ஆபீசர்.

"ரிப்பன் சிக்கிக்கிச்சு சார்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். பதினான்கு வருஷம் அவர் உப்பைத் தின்றவன். ஆனால் சொல்லவில்லை. கார்பன் வைத்து நாலு காப்பி அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். நான் அப்படி அடித்த காகிதம் எங்கள் ஆபீசில் அது ஒன்றுதான். அவர் கையெழுத்துப் போட்டார். சீலை நானே எடுத்து, மையில் நன்றாக அழுத்தி, தேதிக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று குத்தினேன்.

லில்லி மெமோவை வாங்கி நின்றபடி படித்தாள். படித்து முடித்து, திரும்ப மேலேயிருந்து படித்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அஞ்சாந்தேதி நான் பணியில இருந்தேன்னு போட்டிருக்குதே?"

"ஆமாம்மா."

"ஆபீசர் கையெழுத்தா இது?"

"சீலும் இருக்கு, பாரு."

நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையிலிருந்து நீக்கப்போகும் காகிதத்தை ஒரு பெண் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பதிலை அவளே எழுதினாள். 'மேற்படி தேதியில் நான் பணியில் இருந்தேன் என்பதை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன். பிழையையும் ஒப்புக்கொள்கிறேன்.' ஒரு காப்பி மெட்ராசுக்கும் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து மெட்ராசிலிருந்து கேள்வி வந்தபோதுதான் ஆபீசருக்கு விஷயம் புரிந்தது. "அந்த மெமோவைக் குடும்மா, ஒரு சின்னத் திருத்தம்" என்று குழைந்தார்.

"பைபிள்ல வெச்சிருக்கறேன் சார்" என்றாள்.

மெட்ராஸ் கேட்டது நியாயமான கேள்வி. சம்பளப் பட்டியலில் லில்லி அன்றைக்கு இல்லை, அப்படியென்றால் பாரத்தை எழுதியது யார்? பதிவேட்டின்படி அன்றைக்கு ஆபீசில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஆபீசரும் நானும். எனக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆபீசர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள், லில்லி அன்றைக்கு இருந்தாள் என்று எழுதிக் கொடுத்தார். இதற்கு நடுவில் மே மாதத்தில் இன்னொரு பூஜ்ய நாள் வந்தது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார்.

ஆடி பிறந்ததும் ஆர்டர் வந்தது. இரண்டு பாகம். லில்லி தொடர்ந்து பணியில் இருந்ததால் பர்மனன்ட் ஆக்கப்படுகிறாள் என்பது முதல் பாகம். பிழை செய்ததற்காக ஒரு இன்கிரிமென்ட் வெட்டப்படுகிறது என்பது இரண்டாம் பாகம். ஆனால் வெட்டுவதற்கு அவளுக்கு இன்கிரிமென்ட் ஏது? அதனால் முதலில் ஒன்று கொடுத்து, பிறகு அதை வெட்ட வேண்டும் என்று அடியில் குறிப்பு எழுதியிருந்தார்கள். யேசுதாஸ் அன்றைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, ஆபீசருக்கே முதலில் கொடுத்தார். பாரங்களையும் லில்லி முதலிலிருந்து எழுதினாள், இந்தத் தடவை நாலு கட்டத்திலும் அவரவர் எண்ணோடு. மெட்ராஸ்காரர்கள் அந்த இயந்திரத்தை நம்பாமல் கையாலேயே எண்ணிக்கொண்டார்கள் என்று கேள்வி. முனிசாமி மட்டும் தகட்டைக் கழற்றவே இல்லை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஆடி மூன்றாம் வெள்ளி. காமாட்சியம்மன் கோவிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லையாம், லில்லி அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். கணக்குப்படி அன்றைக்குத் தொண்ணூறாம் நாள். பழைய காலமாக இருந்தால் அவள் இருக்கக் கூடாத நாள். எனக்கு நினைவிருந்தது, ஆபீசருக்கும் நினைவிருந்தது, ஆனால் நாங்கள் இருவரும் வேறு ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். கட்டம் கொஞ்சம் சின்னது. லில்லி என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடக் கூடியவள், அன்றைக்கு 'யே. லில்லி' என்று அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து முழுசாக எழுதினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த நாள் கட்டத்துக்குள் போய்விட்டது.

"தாண்டிப் போச்சே சார், திட்டுவாரா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கட்டும்மா. நாளைக்கும்தானே வரப்போறே" என்றேன்.